நாலாம் பாரத்துக்கு இடம் தேடிய அக்காவுக்கு

அக்கா,

இன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. கோமதி பரணிலிருந்து குடையை இறக்கி உள்ளறையில் விரித்தாள். மாதக்கணக்கில் சுருட்டிக் கிடந்த கறுப்புத் துணியின் புழுங்கிய வாசனை வீடு முழுக்கப் பரவியது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனை வந்தால் எனக்கு நீங்கள் வந்த மாதிரி. ஒரே குடைக்குள் உங்கள் தோளை இடித்துக்கொண்டு, பாதி நனைந்து, உங்களைத் திட்டிக்கொண்டே நான் நடந்த நாட்கள் கொஞ்சமா நஞ்சமா?

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நேற்று நடந்தது. எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் முதலிலிருந்தே வருகிறேன். நீங்களும் எதையும் முதலிலிருந்து சொன்னால்தானே காது கொடுப்பீர்கள்.

கரமனையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இவருக்குச் சாலைத் தெருவில் ஜவுளிக்கடையில் வேலை. நீங்கள் சுசீந்திரத்துக்காரர். எனக்கு முன்பே இந்த ஊருக்கு வந்து, மலையாளத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் பேசப் பழகியிருந்தீர்கள். கோமதி முதல் பாரத்தில் சேர்ந்த அன்று ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு உங்கள் அடுக்களைக்கு வந்தேன். ஒரு வாய் போட்டுக்கொண்டீர்கள். உடனே கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"ஏட்டி, நாலாம் பாரத்துக்கு இவள எங்க சேக்கப் போற?"

நான் சிரித்துவிட்டேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் வரைதான், அதற்கு மேல் ஹைஸ்கூலுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு இன்னும் மூன்று வருஷம் கிடக்கிறதே. பிள்ளை புதுப் புத்தகத்துக்கு இன்னும் அட்டைகூடப் போடவில்லை அக்கா, என்றேன்.

"மூணு வருஷம்ணா ஒருபாடு நாளுண்ணு நினைக்காத. மூணு மழை. அவ்வளவுதான், கேட்டியா."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். இவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, மூணாம் பாரம் ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம் என்றார். எங்கள் வீட்டில் அந்தப் 'பார்த்துக்கலாம்' கூடப் பிறந்த ஒரு ஆள் மாதிரி குடியிருந்தது. கூரை ஒழுகினாலும் பார்த்துக்கலாம், பல் வலித்தாலும் பார்த்துக்கலாம். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சாலைத் தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகிறவர், நேராக வீடு திரும்பாமல் ஒரு சுற்று சுற்றி வர ஆரம்பித்தீர்கள். மணி நாலுக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து, ஏதாவது ஒரு வாசலுக்கு எதிரே முருங்கைக்காய் கட்டோடு நிற்பீர்கள். வாத்தியார்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். அவர்கள் நல்லதைத்தான் சொல்வார்களாம். வெளியே வருகிற பெண்பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வீர்கள். உனக்குக் கணக்கு யாரு எடுக்கா, அவருக்குக் கோபம் வருமா, நீ கேட்டா ரெண்டாம் தடவை சொல்லித் தருவாரா, அவரு பத்து நாள் லீவு போட்டா கிளாஸ யாரு எடுப்பா என்று. பிள்ளைகள் முதலில் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பிறகு நிறுத்தாமல் பேசித் தள்ளிவிடும். பிறகு வந்து என்னிடம் ஒப்பிப்பீர்கள். நாவல் மரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு வருகின்றன, வேண்டாம். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கத்திக்கொண்டு வருகின்றன, கொள்ளாம். பள்ளிக்கூடங்களுக்கு நீங்களே பெயர் வைத்திருந்தீர்கள். எது எதென்று எனக்கு விளங்க நாளாயிற்று.

நீங்கள் செய்ததிலேயே என்னை வெட்கத்தில் சாகடித்தது வேறொன்று. ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நேரே நுழைந்தீர்கள். பியூன் தடுத்தபோது, முகத்தைச் சுளித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கக்கூஸ் எங்கே என்று மலையாளத்தில் கேட்டீர்கள். அந்த ஆள் பயந்துபோய் வழிகாட்டினான். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்து, ஒன்றும் நடக்காதவர் போல நடந்தீர்கள். தெருமுனை திரும்பினதும், கதவுக்குக் கொண்டி இல்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை, இங்கே வேண்டாம் என்றீர்கள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை நிறுத்துவது கணக்கு வராததனால் மட்டும் இல்லை என்றீர்கள். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இப்படி இரண்டு வருஷம். தெருவில் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள், இவளுகள் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரியல்லவா பள்ளிக்கூடம் பார்க்கிறாளுகள் என்று. எனக்கு வாய் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். ரோஷமும் அதே நீளம். கோமதி மூன்றாம் பாரத்தில் சேர வேண்டிய லீவு அது. ஒருநாள் நான் உளுந்து புடைத்துக்கொண்டிருக்கும்போது வந்து, கிளம்பு, இன்னொரு இடம் இருக்கிறது என்றீர்கள். வெயில் கொளுத்தியது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வார்த்தை.

"பெத்த பிள்ளைய மூணாம் பாரத்தோட வீட்டில உக்கார வச்சீங்க. எம்பிள்ளைக்கு என்னத்துக்கு இப்பிடி அலையுதீங்க?"

சொல்லி முடிக்கும்போதே என் நாக்கு கூசியது.  என் கையிலிருந்த சுளகு உங்களுடையது. அதை மெதுவாக வாங்கி, உளுந்தை என் பாத்திரத்தில் தட்டிவிட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எட்டு நாள் உங்கள் பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நானும் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போய், வாசல்படி வரைக்கும் வந்து திரும்பினேன் அக்கா, இரண்டு தடவை. அது உங்களுக்குத் தெரியாது. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. நீங்கள் குடையோடு வந்து வாசலில் நின்றீர்கள்.

"வாறியா? வழி முங்குதாண்ணு பாக்கணும். மழை பெய்யும்போ பாத்தாத்தான் தெரியும்."

நடந்தோம். தம்பானூரில் முழங்கால் வரை கலங்கல் தண்ணீர். அந்தத் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, நான் கேட்காமலே சொன்னீர்கள். உங்கள் மகள் பகவதி மூன்றாம் பாரம் முதலாவதாகப் பாஸானாள். ரிசல்ட் வந்த பிறகு இடம் பார்க்கலாம் என்று இருந்தீர்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் நாகர்கோவிலில் உங்கள் வீட்டு அண்ணாச்சியின் தம்பிக்குக் கல்யாணம். பத்து நாள் அங்கே. எல்லோரும் பகவதியின் பாஸைப் புகழ்ந்து பேசினார்கள், ஒருவராவது பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றா என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது எங்கேயும் இடம் இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றார் அண்ணாச்சி. அடுத்த வருஷம் வந்தது மாப்பிள்ளை. பதினாறு வயதில் அவள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது.

"அவ ஒண்ணுமே சொல்லல்ல. புஸ்தகத்த எல்லாம் பழைய சேலையில பொதிஞ்சு, இது யாருக்காவது உதவும்மாண்ணு தந்தா. நான் பெரிய பாவம் செய்தேன், ஏட்டி."

குடைக்குள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருநாள்கூட என்னை இழுத்துக்கொண்டு போகவேண்டி வரவில்லை. நானே உங்களுக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மேட்டுப் பள்ளிக்கூடம் என்று முடிவாயிற்று. அங்கே வழி முங்கவில்லை. கொண்டியும் இருந்தது. தமிழில் பாடம் எடுக்கும் ஒரு பிரிவும் இருந்தது, ஆனால் அதில் இடம் குறைவு. அதில்தான் எங்கள் வீட்டில் வழக்கு. இங்கேயே இருக்கப்போகிறோமென்றால் மலையாளம்தான் நல்லது என்பார் இவர். மறுநாளே, நாகர்கோவில் பக்கமெல்லாம் சென்னையோடு சேரப்போகிறதாம், அப்புறம் தமிழ் இல்லாமல் என்ன செய்வாள் என்பார். நீங்கள் கோமதியைக் கூப்பிட்டு, கனவில் எந்தப் பாஷையில் பேசுகிறாய் என்று கேட்டீர்கள். அவள் யோசித்து, கனவில் நான் ஓடிக்கொண்டேதான் இருக்கிறேன் பெரியம்மா, பேச நேரம் இல்லை என்றாள். இவர்கூடச் சிரித்துவிட்டார். பிறகு அவளே, எனக்குக் கணக்கு தமிழில்தான் மனசுக்குள் ஓடுகிறது என்றாள். அதோடு வழக்கு தீர்ந்தது.

அந்த வருஷம்தான் உங்களுக்கு இழுப்பு அதிகமானது. பங்குனியில் படுத்தவர் சரியாக எழுந்திருக்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே விசாரித்தீர்கள். மேட்டுப் பள்ளிக்கூடத்துப் பியூனின் பெண்டாட்டி உங்கள் வீட்டுக்கு மோர் கொண்டுவருகிறவளாக எப்படி ஆனாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் வழியாகச் சேதி வந்தது. எடவம் மூன்றாம் தேதி காலையில் பத்து மணிக்கு, தமிழ்ப் பிரிவுக்குப் பெயர் எழுதுகிறார்கள். நீங்கள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள், மூன்றாம் தேதி, மறந்துவிடாதே, என்னால் வர முடியாது, நீதான் போகணும் என்று.

மறப்பேனா? அடுக்களைச் சுவரில் என் அண்ணன் திருநெல்வேலியிலிருந்து அனுப்பின தினசரிக் காலண்டர். எடவம் என்றால் நமக்கு வைகாசி. தினமும் ஒரு தாளைக் கிழித்தேன். வைகாசி மூன்று வந்தது. கோமதிக்குத் தலைவாரி, பவுடர் போட்டு, புதுப்பாவாடை உடுத்தி, டி.சி.யை மஞ்சள் துணிப்பையில் வைத்து, குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒன்பதரைக்கே போய்விட்டோம். வாசல் பாதி திறந்து கிடந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை.  முடிந்துவிட்டதோ? பகவதிக்கு ஆன மாதிரி இவளுக்கும் ஆயிற்றோ?

பியூன் வந்தான். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு, பல்லைக் காட்டினான்.

"அம்மா, இந்நு ரெண்டல்லே ஆயிட்டுள்ளு. மூணு நாளெயாணு."

இன்றைக்கு இரண்டாம் தேதிதானாம். நாளைதான் மூன்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனையே அடித்திருப்பேன். சில மாதம் இவர்கள் கணக்கு நம் கணக்குக்கு ஒருநாள் பிந்தித்தான் வரும் என்று தெரியாதவளா நான்? விஷு சித்திரை ஒன்றுக்கு மறுநாள் வருகிற வருஷமெல்லாம் அந்தப் பக்கத்து மலையாள வீட்டுக்காரி விஷுக்கணிக்கு வெள்ளரிக்காய் கேட்டு வரும்போது, எங்களுக்கு நேற்றே வருஷம் பிறந்தாயிற்றே என்று பெருமை பேசினவள்தானே. பதினைந்து வருஷம் இந்த ஊரில் சோறு தின்றும், நாள் பார்ப்பதற்கு மட்டும் திருநெல்வேலிச் சுவரைத்தான் நம்பினேன்.

திரும்பிப் போக இருந்தோம். வராந்தாவில் சாவிக்கொத்தோடு வந்த ஹெட்மிஸ்ட்ரஸ், பிள்ளையின் முகத்தைப் பார்த்து, உள்ளே வரச் சொன்னார். ஒருநாள் முன்னாலே வந்தவர்களை இப்போதுதான் பார்க்கிறேன், எல்லோரும் ஒருநாள் பிந்தித்தான் வருவார்கள் என்று சிரித்தார். டி.சி.யை வாங்கிப் பார்த்தார். சிரிப்புப் போயிற்று. ஹெட்மாஸ்டர் கையெழுத்து இல்லை, கிளார்க் போட்டிருக்கிறார், நாளைக்கு இதைக் கொண்டுவந்திருந்தால் என்னால் பெயர் எழுத முடியாது, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிருப்பேன் என்றார். மலையாளத்தில்தான் சொன்னார். ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது.

டி.சி.யைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். ஆனாலும் அக்கா, எழுந்திருக்கும் முன்னால் நான் ஒன்று கேட்டேன். ஒரு டீச்சர் பத்து நாள் லீவு போட்டால் அந்தக் கிளாஸை யார் எடுப்பார்கள் என்று. உங்கள் கேள்வி. அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்றே தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, நானே போய் எடுப்பேன் என்றார். எனக்கு அந்தப் பதில் போதும்.

அங்கிருந்து நேரே நேமம் பஸ். பழைய பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போய், அவர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழும்வரை வாழைத்தோட்டத்து ஓரத்தில் நின்று, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் போனால் கூட்டம் வாசல் தாண்டி நின்றது. எங்கள் கண்ணெதிரே இரண்டு பேரைக் கடுதாசி சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒரு அம்மாள் அழுதுகொண்டே போனாள். கோமதியின் பெயர் எழுதியாயிற்று. தமிழ்ப் பிரிவில் அதற்குப் பிறகு ஒரே ஒரு பெயர்தான் எழுதினார்கள்.

நான் ஓடிவந்து உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர் கதையையும் மறைக்கவில்லை. உங்களுக்குச் சிரிப்பும் இழுப்பும் சேர்ந்து வந்து, வெந்நீர் கொடுத்து நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று. மூச்சு அடங்கினதும், நான் மூணு வருஷம் முன்னால போனேன், நீ ஒரு நாள் முன்னால போன, ரெண்டும் வேண்டியிருந்துது பாத்தியா என்றீர்கள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். நீங்கள் அழுதது எனக்குத் தெரியும். அது கோமதிக்காக மட்டும் இல்லை என்பதும் தெரியும்.

அடுத்த வருஷத்து மார்கழியில் போய்விட்டீர்கள். கோமதி அப்போது ஐந்தாம் பாரம். உங்களை எடுத்துக்கொண்டு போன அன்று பகவதி என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் எப்போதுமே அப்படித்தான் என்று நீங்கள் சொல்வீர்களே.

இந்த வருஷம் கோமதி ஆறாம் பாரம் பாஸாகிவிட்டாள் அக்கா. நல்ல மார்க்கு. காலேஜில் இண்டர்மீடியட்டுக்குச் சேர்கிறாள். அதற்கும் நான் அவள் ஐந்தாம் பாரத்தில் இருக்கும்போதே போய் வாசலில் நின்று பிள்ளைகளைப் பிடித்து விசாரித்தேன். இவர் இப்போதெல்லாம் பார்த்துக்கலாம் என்பதில்லை. எப்போ போய்ப் பார்த்தாய் என்று கேட்கிறார்.

சரி, நேற்றைக்கு வருகிறேன்.

பகவதி வந்தாள். அவள் புருஷனுக்குக் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் வேலை கிடைத்து, குடித்தனம் இங்கே மாறி ஒரு மாதம் ஆகிறது. கையில் நாலு வயசுப் பெண். உங்கள் மூக்கு அப்படியே. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஒரு ஸ்கூல் விஷயம் கேக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு வயசுதானே ஆகிறது, உங்கம்மாகூட இத்தனை சீக்கிரம் ஆரம்பிக்கவில்லையே மக்களே, என்றேன். ஆனாலும் நல்லது, யார் வீட்டுப் பிள்ளையாயிருந்தாலும் இப்போதிருந்தே பார்ப்பது நல்லதுதான் என்று என் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"இவளுக்கு இல்ல சித்தி. எனக்கு."

மூன்றாம் பாரம் பாஸானவர்கள் தனியாக இருந்து படித்துப் பரீட்சை எழுதலாமாம். பெண்களுக்கு மத்தியானத்தில் பாடம் சொல்லித்தருகிற டூட்டோரியல் ஒன்று இருக்கிறதாம். கோமதியிடம் எப்போதோ கேட்டு வைத்திருக்கிறாள். புருஷனிடமும் கேட்டாயிற்று. முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றாராம். இதையெல்லாம் நின்று நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு நிமிர்ந்து, எனக்கு நேரம் போயிட்டுதா சித்தி என்று கேட்டாள்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன் அக்கா. சத்தம் போட்டே அழுதேன். குழந்தை பயந்துபோய் என் முகத்தையே பார்த்தது. நேரம் போகவில்லை, ஒன்றும் போகவில்லை, உனக்கு இப்போது இருபத்திரண்டுதான் என்றேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் அதைச் சொன்னேன். உங்களால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோயிற்று என்று நினைத்துக்கொண்டே போய்விட்டீர்கள். நிற்கவில்லை அக்கா. நடுவில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். குழந்தையைக் கோமதி பார்த்துக்கொள்வாள்.